முத்திரை விழுந்த முகம்

பிணத்தைப் படம் எடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. சிரிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், கண்ணை மூடிவிட்டார் என்று மறுபடி எடுக்க வேண்டாம். இருபத்து நான்கு வருட சர்வீஸில் எனக்கு வாய்த்த வசதி அது ஒன்றுதான். என் பெயர் மலர்க்கொடி. இருப்புப்பாதை காவல் நிலையத்தில் தலைமைக் காவலர், சனங்களுக்கு ஏட்டம்மா. எந்த ஜங்ஷன் என்று கேட்காதீர்கள். சேலத்துக்கு வடக்கே, தண்டவாளம் மூன்று திசைக்குப் பிரிகிற ஓர் ஊர் என்பதோடு விட்டுவிடுங்கள்.

எங்கள் எல்லைக்குள் மாதத்துக்கு நாலைந்து பேராவது ரயிலில் அடிபட்டுச் செத்துப்போவார்கள். அதில் பாதிப் பேருக்குப் பெயர் இருக்காது. படம் எடுப்போம், போஸ்டர் அடித்து நிலையத்துக்கு வெளியே இருக்கும் பலகையில் ஒட்டுவோம், பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் மூன்று நாள் வைத்துப் பார்ப்போம். யாரும் வராவிட்டால் நகராட்சி ஆட்கள் புதைத்துவிடுவார்கள். மரபணுச் சோதனையெல்லாம் கொலை வழக்குக்கு. ரயிலில் அடிபட்டவனுக்கு யார் அனுப்பப்போகிறார்கள்? சொந்தக்காரர் வந்து படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் கோப்பு மூடிவிடும்.

படம் என்றால் முன்பெல்லாம் செல்போன்தான். யார் முகத்தையும் யார் உடம்பிலும் ஒட்டலாம் என்று ஆகிவிட்ட பிறகு, செல்போன் படம் எதையும் சாட்சியாக ஏற்பதில்லை என்று நீதிமன்றங்கள் கைவிரித்துவிட்டன. அப்போதுதான் செத்தே போய்விட்டது என்று நாங்கள் நினைத்திருந்த சின்ன டிஜிட்டல் கேமரா உயிரோடு திரும்பி வந்தது. சீட்டுக்கட்டு அளவு, மிளகு அளவில் ஒரு லென்ஸ். பொத்தானை அழுத்தினால் படம் உள்ளேயே முத்திரை போட்டுப் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவனாலும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. நாங்கள் அதை முத்திரைக் கேமரா என்றோம். துறை முழுக்க ஸ்டேஷனுக்கு ஒன்று கொடுத்தார்கள்.

படம் என்றால் அப்படி ஒரு படம். மழையில் எடுத்தாலும் சரி, புகைமூட்டத்தில் எடுத்தாலும் சரி, துடைத்து வைத்த மாதிரி வரும். முன்பு எங்கள் பலகையைப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தவர்கள் உண்டு. இந்தக் கேமரா வந்த பிறகு செத்தவர்கள் எல்லோரும் தூங்குகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். முன்பு பத்துப் பேரில் மூன்று பேருக்கு ஆள் வரும். இப்போது எட்டுப் பேருக்கு வந்தது. எங்கள் எஸ்.ஐ. இளவழகனுக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமே வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

அமிர்தவல்லியை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். ஜவ்வரிசி ஆலையில் வேலை. எந்நேரமும் ஈரத்தில் ஊறி, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவள் கணவன் செங்கோடன் போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போகிறவன். குஜராத் போய்விட்டு ரயிலில் திரும்பும்போது எங்கள் ஜங்ஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கியதைக் கூட வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது. ஆள் ஏறவில்லை, வீடும் வரவில்லை, எங்கேயும் இல்லை.

மாதத்தில் முதல் செவ்வாய் அவளுக்கு விடுமுறை. அன்றைக்கு வந்து பலகையில் இருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "இல்லீங்க ஏட்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதில் நிம்மதி இருக்கிறதா ஏமாற்றம் இருக்கிறதா என்று எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. அவளுக்கே பிடிபட்டிருக்காது. நெற்றியில் பொட்டு வைக்கும்போதெல்லாம் இது சரியா தப்பா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை சொன்னாள்.

அதைவிடப் பெரிய சிக்கல் மகள் கௌசல்யாவின் கல்யாணம். வருகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. "பத்திரிகைல அப்பா பேருக்கு முன்னாடி என்னன்னு போடுவீங்க? திருவா, அமரரா?" திரு என்று போட்டால் ஆளைக் கொண்டுவந்து மணமேடையில் நிறுத்த வேண்டும். அமரர் என்று போட்டால் எந்த வாயால் போட்டாய் என்று செங்கோடனின் பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள். இரண்டு சம்பந்தம் இதிலேயே தட்டிப்போனது.

தை மாதம் வந்தபோது, "போஸ்டர் வெளுத்துப்போச்சுங்க, புதுசா ஒட்டுங்க" என்று கேட்டாள். அவளிடம் இருந்தது ஒரே படம். பழைய ஓட்டுநர் உரிமத்துக்காக எடுத்தது. அலுவலக ரப்பர் முத்திரையின் கால்வட்டம் ஊதா மையில் இடது கன்னத்தின் மேல் விழுந்திருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். நகல் எடுக்கக் கடைக்குப் போவானேன், கேமரா கையிலேயே இருக்கிறதே என்று மேசைமேல் வைத்து நானே எடுத்தேன். உறையில் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பளபளத்தது. சன்னலோரம் வைத்து எடுத்தேன், சாய்த்து எடுத்தேன், நிழலில் எடுத்தேன். பதினொரு தடவை எடுத்த பிறகுதான் சரியாக வந்தது. காணாமல் போனவர்களின் படத்தையெல்லாம் நாங்கள் இப்படித்தான் நகல் எடுத்தோம். எல்லா ஸ்டேஷனிலும் அப்படித்தான். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு வாரம் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, வெளிச் சிக்னல் பக்கம் சரக்கு வண்டியில் ஓர் ஆள் அடிபட்டிருந்தான். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முகத்தில் பாதி இல்லை. கைகளும் அப்படித்தான். வழக்கம்போல நான்கு படம் எடுத்தேன். நேரில் பார்த்ததைவிடப் படத்தில் முகம் முழுசாக இருந்தது. நல்ல கேமரா என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். வருடக்கணக்கில் இந்த வேலை பார்த்தால் நேரில் பார்ப்பதைக் கூடிய சீக்கிரம் மறக்கத்தான் மனசு பழகும். படத்தை வைத்தே விசாரணை அறிக்கை எழுதினேன். "இடது கன்னத்தில் பிறை வடிவில் நீலநிறக் கன்றல்" என்று என் கையாலேயே எழுதினேன்.

மறுநாள் முதல் செவ்வாய். அமிர்தவல்லி பலகையின் முன் நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். "இல்லீங்க" என்று சொல்லவில்லை.

"அவருதானுங்க" என்றாள்.

பிணவறையில் உடம்பைத் துணியால் சுற்றித் தைத்துத்தான் கொடுத்தார்கள். பிரிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாதத்தை மட்டும் காட்டினார்கள். பாதத்தைப் பார்த்து அழுதாள். சட்டைக் காலரில் ஆம்பூர்த் தையற்கடை ஒன்றின் துணிமுத்திரை இருந்ததைப் பற்றி நான் கேட்டேன். "ஆறு வருசம் எங்கெங்க கிடந்தாரோ, யாரு குடுத்த சட்டையோ" என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. படத்தைப் பார்த்து அடையாளம் காட்டினார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் தாலியைக் கழற்றினார்கள்.

சாவு விழுந்த வீட்டில் வருடத்துக்குள் நல்ல காரியம் ஒன்று செய்துவிட வேண்டும் என்பார்கள். ஆறு வருடம் நகராத கல்யாணம் ஆறு வாரத்தில் கூடி வந்தது. பத்திரிகை வைக்க ஸ்டேஷனுக்கே வந்தாள். "அமரர் செங்கோடன் - அமிர்தவல்லி அவர்களின் ஏக புதல்வி" என்று அச்சாகியிருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. ஆனாலும் ஆறு வருடத்தில் அவள் முகத்தில் முதல் முறையாகத் தூக்கத்தின் களை இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வேலையில் அது லேசில் கிடைக்காது.

அவள் போன இரண்டாம் நாள் முனிரத்தினம் வந்தார். ஆம்பூர்ப் பக்கம் செருப்புக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அண்ணன் ஏழுமலையைக் காணோம் என்று ஒவ்வொரு ஜங்ஷனாகத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் பலகையை ஏற்கெனவே மூன்று முறை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆள் கிடைத்துவிட்ட போஸ்டரையும் நாங்கள் உடனே கிழிப்பதில்லை.

"மூஞ்சி எதுவும் அண்ணன் மாரி இல்ல மேடம். அதான் போயிட்டேன். இன்னொரு வாட்டி பாக்கலாம்னு வந்துக்கிறேன்" என்றார்.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

அவர் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். "பொங்கலுக்கு ஒரே பீஸுல ரெண்டு பேரும் தச்சிக்கினோம். அவுருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இது என்னுது."

சாம்பல் நிறம், மெல்லிய பச்சைக் கோடு. காலரில் அதே தையற்கடைத் துணிமுத்திரை. அலமாரியைத் திறந்து ஏழு வாரத்துக்கு முந்தைய பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டும் ஒரே துணி. முனிரத்தினம் அந்த ரத்தக்கறைச் சட்டையைத் தொடவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, செங்கோடனின் கோப்பை எடுத்தேன். ஒரு பக்கம் உரிமப் படத்தின் நகல், ஒரு பக்கம் பிணத்தின் படம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உரிமப் படத்தில் இடது கன்னத்தில் ரப்பர் முத்திரையின் கால்வட்டம். பிணத்தின் படத்தில் அதே கன்னத்தில், அதே இடத்தில், அதே வளைவில் நான் கன்றல் என்று எழுதிய பிறை. ரயிலில் அடிபட்டவனுக்கு ரப்பர் முத்திரை போட்டது யார்?

கேமராவை எடுத்துக்கொண்டு அன்றைக்கே சேலம் போனேன். சர்வீஸ் மையத்தில் பர்வீன் என்று ஒரு பெண் இன்ஜினியர். படங்களைப் பார்த்தாள். கேமராவை ஒரு கம்பியால் கணினியோடு இணைத்துக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆளை முன்னாடி நிறைய எடுத்திருக்கீங்களா மேடம்?"

"ஆளை இல்ல. அவரோட படத்தை. பதினொரு தடவை."

"அதான்" என்றாள். "இதோட லென்ஸ் ரொம்பச் சின்னது. உள்ள வர்ற வெளிச்சம் பத்தாது. அதனால சடசடன்னு முப்பது நாப்பது துண்டுப் படம் எடுக்கும். எடுத்துட்டு, மங்கலா இருக்கிற இடத்துல என்ன இருக்கணும்னு இதுவே யோசிச்சு நிரப்பிக்கும்."

"நிரப்பிக்குமா?"

"வீட்டுல படம் எடுக்கறவங்களுக்காகச் செஞ்ச கேமரா மேடம் இது. குழந்தை ஓடுது, முகம் கலைஞ்சுபோச்சுன்னு வைங்க. அதே குழந்தைய முன்னாடி பத்து வாட்டி எடுத்திருந்தா இதுக்கு அந்த முகம் ஞாபகம் இருக்கும். அதை எடுத்துப் போட்டுச் சரி பண்ணிடும். தெரிஞ்ச முகம்னு அதுக்குப் பேரு. பாதி முகம் இல்லாத ஒருத்தர நீங்க எடுத்திருக்கீங்க. வயசு, மீசை, நெத்தி எல்லாம் கிட்டத்தட்ட ஒத்துப்போயிருக்கு. நமக்குத் தெரிஞ்ச முகம்தான் கலைஞ்சு கிடக்குன்னு நெனச்சுக்கிச்சு."

"சரிம்மா. சரி பண்றதுக்கு முன்னாடி எடுத்த படத்தைக் காட்டு."

"அப்படி ஒண்ணு கிடையாது மேடம். இது எடுக்கறதே இந்தப் படத்தைத்தான்."

"அப்புறம் முத்திரை எதுக்கு?"

"முத்திரை போட்டதுக்கு அப்புறம் யாரும் தொடலைன்னு சொல்றதுக்கு. முத்திரைக்கு முன்னாடி கேமரா தொடலைன்னு அது எங்கயும் சொல்லலையே."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் வந்து பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும் வந்தது. "போலீஸுக்குக் குடுக்கறதுல இதையெல்லாம் எடுத்துட்டுக் குடுக்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன்.

"மொதல்ல அப்படித்தான் மேடம் குடுத்தாங்க. படம் மங்கலா வருதுன்னு உங்க ஆளுங்களே திருப்பி அனுப்பிட்டாங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். கேமரா வந்த பிறகு எங்கள் ஸ்டேஷனில் அடையாளம் காட்டப்பட்டவர்கள் நாற்பத்தொரு பேர். காணாமல் போனவர்களின் படத்தைப் பலகையில் ஒட்டுவதற்காக நகல் எடுத்ததும் அதே கேமராதான். பத்துக்கு மூன்று எப்படி எட்டு ஆனது என்று புரிந்தது. வருகிறவர்கள் கொண்டுவந்த முகத்தையே நாங்கள் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எஸ்.ஐ. இளவழகன் கெட்ட மனுஷர் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"எரிச்சாச்சு. சாம்பல் காவிரில போயாச்சு. அந்தப் பொண்ணு கல்யாணம் எப்போ?"

"ஒன்பது நாள்ல சார்."

"அப்ப யாருக்கு நல்லது பண்ணப் போறீங்க மலர்க்கொடி? அந்தம்மா ஆறு வருசத்துக்கு அப்புறம் இப்பத்தான் நிம்மதியா இருக்கு. அதைப் போய்க் கலைக்கணுமா?"

"அந்தம்மாவுக்குச் சொல்லலைன்னா ஏழுமலை பொண்டாட்டிக்கும் சொல்ல முடியாது சார். செத்தது உன் புருஷன்தான்னு எழுதிக் குடுக்கணும்னா, அது செங்கோடன் இல்லன்னு எழுதணும். இல்லன்னா அந்தப் பொண்ணு வந்து நம்ம பலகை முன்னாடி ஆறு வருசம் நிக்கும்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நாற்பத்தொரு வழக்கையும் குறிப்பிட்டு மேலே கடிதம் எழுதினேன். அதை அவர் நிறுத்தவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை, அப்படியே அனுப்பிவிட்டார். அதற்கு இதுவரை வந்திருக்கும் பதில் ஒரு சுற்றறிக்கை. பழைய படங்களை முத்திரைக் கேமராவில் நகல் எடுக்க வேண்டாம் என்று அதில் இருக்கிறது. நாற்பத்தொரு பேரைப் பற்றி ஒரு வரி இல்லை.

அமிர்தவல்லியின் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். மகள் ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததை வாங்க வெளியே போயிருந்தாள். நல்லவேளை. நான் சுற்றிவளைக்கத் தெரியாதவள். காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். சட்டை, ரப்பர் முத்திரை, கேமரா, எல்லாம்.

அவள் கேமராவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப அவரு இருக்காருங்களா?" என்றாள்.

கேட்கும்போதே முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஒரு மனுஷியை ஆறு வருடக் காத்திருப்பிலிருந்து வெளியே இழுத்துவிட்டு, ஏழு வாரத்தில் அதே இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டேன்.

"தெரியலைம்மா. இந்தச் செத்தவரு அவரு இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள், அங்கே ஒன்றும் இல்லை என்று ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டாள். அடுக்கி வைத்திருந்த பத்திரிகைக் கட்டு எங்களுக்கு நடுவில் இருந்தது. அதை இரண்டு பேரும் பார்த்தோம்.

அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "அந்த மனுசனுக்கு யாரு இருக்காங்க?" என்று கேட்டாள்.

"பொண்டாட்டி. அஞ்சலைன்னு பேரு. தம்பி ஒருத்தரு. வீட்டுக்காரரு பெங்களூரு பக்கம் வேலைக்குப் போயிருப்பாருன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டிருக்காம். தம்பி சொன்னா நம்ப மாட்டேங்குதாம். நாளைக்கு நான் போய்ச் சொல்லணும்."

"நானும் வர்றேனுங்க."

"நீ எதுக்கும்மா? கல்யாண வேலையை வெச்சுக்கிட்டு."

"அழுது அனுப்பிச்சது நான்தானுங்களே. ஒண்ணும் கொற வெக்கலைன்னு நான்தான் சொல்லணும். நீங்க சொன்னா அது போலீஸ்காரங்க சொன்னதா இருக்கும்."

மறுநாள் காலை பாசஞ்சரில் போனோம். முனிரத்தினம் ஸ்டேஷனில் காத்திருந்து அழைத்துப்போனார். அஞ்சலைக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். செருப்பு மேல்தோல் தைக்கிற மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், கை நிறைய வளையல். என் சீருடையைப் பார்த்தும் மெஷினை நிறுத்தவில்லை.

"அவுரு பெங்களூர்ல இருக்கிறாரு. போன் ஒடஞ்சிருக்கும்" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அமிர்தவல்லி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தான் யார் என்று சொன்னாள். என்ன நடந்தது என்று சொன்னாள். என்னைப் போல அவசரப்படவில்லை. "நீர்மாலை எடுத்தோம், வாய்க்கரிசி போட்டோம். துணியோட இருந்தாரு, துணி மேலயே போட்டோம். பொறந்த வீட்டுக் கோடி வந்துச்சு. காரியம் எல்லாம் மொறப்படி நடந்துச்சு. எம்புருசன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன். ஒரு கொறையும் வெக்கல" என்றாள்.

மெஷின் நின்றது. அஞ்சலை எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க சொல்றதெல்லாம் நான் எப்பிடி நம்பறது? சட்ட யாரு வேணாலும் போட்டுக்குவாங்க. மூஞ்சியக் காட்டுங்க. கடைசியா அவுரு மூஞ்சி எப்பிடி இருந்துச்சு, அதக் காட்டுங்க."

என்னத்தைக் காட்டுவேன்? ஏழுமலையின் கடைசி முகம் உலகத்தில் எங்கேயும் இல்லை. அதை எடுக்க நான் போனேன், எடுத்தேன், ஆனால் எடுக்கப்படவில்லை. இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அமிர்தவல்லி தன் பையைத் திறந்தாள். அவள் அடையாளம் காட்டிய அன்றைக்கு நான் கொடுத்த பிணத்தின் படப் பிரதி, வெள்ளைத்துணியில் சுற்றியிருந்தது. பிரித்து அஞ்சலையின் மடியில் வைத்தாள்.

அஞ்சலை பார்த்தாள். கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். விரலால் நெற்றியைத் தடவினாள், மீசையைத் தடவினாள், கன்னத்துப் பிறையில் விரலை நிறுத்தினாள்.

"அய்யோ, எவ்ளோ அடி பட்டுக்கிது பாரு" என்றாள். "அவுருதான். இந்த நெத்தி அவுருதான். அய்யோ, அவுருதான்."

படத்தை மார்போடு சேர்த்துக்கொண்டு குனிந்தாள். மூன்று முறை அதே முகத்தைப் பார்த்து, இது அண்ணன் இல்லை என்று போன முனிரத்தினம் பதறி வாயைத் திறந்தார். அமிர்தவல்லி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். சொன்ன சேதி உண்மை, காட்டிய சாட்சி பொய். இதில் எதை எடுத்து எதை விடுவது என்று சீருடைக்குச் சொல்லித்தரவில்லை.

அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு வாக்குமூலம் எழுதினேன். "புகைப்படத்தைப் பார்த்துத் தன் கணவர் என்று அடையாளம் காட்டினார்." ஏழு வாரத்துக்கு முன் எழுதிய அதே வாக்கியம், பெயர் மட்டும் வேறு. அஞ்சலை கையெழுத்துப் போட்டுவிட்டு, "இது எங்கிட்டயே இருக்கட்டுமாக்கா?" என்று படத்தைக் காட்டி அமிர்தவல்லியிடம் கேட்டாள்.

"நீயே வெச்சுக்கம்மா. உன்னோடதுதானே" என்றாள் அமிர்தவல்லி. தன் புருஷனின் முகத்தை அவள் அப்படித் தூக்கிக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்துச் சிமெண்ட் பெஞ்சில் வெயில் அடித்தது. நகர்ந்து உட்காரக்கூட இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு அது அவரு மூஞ்சி இல்லன்னு தெரியலையாம்மா? பதினாலு வருசம் குடும்பம் நடத்தியிருக்கா."

"அவ யாரைப் பார்த்தான்னு கேக்காதீங்க ஏட்டம்மா" என்றாள் அமிர்தவல்லி. "அன்னைக்கு நானும் அப்படித்தான் பார்த்தேன். உங்க கேமரா மேல மட்டும் பழிய போடாதீங்க."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொன்னேன்.

"செங்கோடன் பேருல போட்ட இறப்புச் சான்றை ரத்து பண்ண எழுதணும். காணோம்னு போஸ்டரும் மறுபடி ஒட்டணும்மா. நாளைக்கே ஒட்டச் சொல்லட்டுமா?"

தூரத்தில் வண்டி வருவதற்கான மணி அடித்தது. அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள்தானுங்க இருக்கு" என்றாள். "அதுவரைக்கும் அவரு செத்தவராவே இருக்கட்டும். அப்புறமா ஒட்டுங்க."